வரிசையில் சிக்கின தண்ணிச் சேதி

ஒரு ஊரில் ஒரு ஆறு. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்துக்குத் தெற்கே, சைக்கிள் கடை மாடியில் ஒன்றரை அறைக்குள் ஒரு டிவி நிலையம். அந்த ஊருக்கு மட்டும் தெரிகிற டிவி. மேலே பழைய பாட்டு ஓடும், கீழே சேதிகள் ஓடும்.

அந்தச் சேதிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக வருகிறது எதுவானாலும் வரிசையின் வால் பக்கம் போய்த்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். ராசா வீட்டுச் சேதியானாலும் அப்படித்தான். வரிசை ஒரு சுற்று வர அரைமணி ஆகும்.

ஐப்பசி மாதம் ஒருநாள், மத்தியானம் இரண்டே முக்காலுக்குத் தண்ணிச் சேதி வந்து சேர்ந்தது. 'இன்று மாலை நான்கு மணிக்கு அணை திறக்கப்படுகிறது. ஆற்றுக்குள் இருப்போர் உடனே கரையேறவும்.' அணையிலிருந்து போனில் சொன்னார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கோமு அதை அடித்து, வழக்கப்படி வாலில் சேர்த்துவிட்டு, சோற்றுத் தூக்கைத் திறந்தாள்.

தண்ணிச் சேதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றுக்குள் யாரோ இருக்கிறார்கள். இல்லாவிட்டால் தன்னை எதற்கு எழுத வேண்டும்?

இருக்கத்தான் செய்தார்கள். நடு ஆற்று மணல் திட்டில் வாத்து மேய்க்கிற சொரிமுத்து படுதாவைக் கட்டித் தங்கியிருந்தான். கூடவே பெண்டாட்டி, பால்குடி மறக்காத பிள்ளை, நானூறு வாத்து. அசலூர்க்காரன். அவன் நம்பர் ஊரில் ஒருத்தரிடமும் இல்லை.

"பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்க. நாலு மணிக்குள்ள நான் போய்ச் சொல்லணும்" என்றது தண்ணிச் சேதி.

முன்னால் நின்ற துக்கச் சேதி திரும்பிப் பார்த்தது. "போப்பா. நான் சொல்லுத ஆளு இனி எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு."

அதற்கு முன்னால் பிறந்தநாள் வாழ்த்து. "கேக்கு தருவீயளா?" என்று கேட்டது.

"திரும்பி வாறப்ப வாங்கியாறேன் தங்கம்."

வழி கிடைத்தது. அடுத்து நின்றது ஜவுளிக்கடைத் தள்ளுபடி. பாசஞ்சர் ரயில் கணக்காக நீளம்.

"தீபாவளிக்கு ஒம்பது நாள்தான் கிடக்கு. என்னைய விட அவசரக்காரரோ நீரு?"

"உசுரு விஷயம்வே."

"எனக்கும் உசுருதான். வேட்டி, சட்டைதான் சொல்லியிருக்கேன். பாவாடை தாவணிக்கு இன்னும் வரவே இல்ல. பின்னாலயே வாரும்."

பின்னாலேயே போனது. போகிற போக்கில், அதே கேபிள் கம்பிக்குள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரிய சேனலைத் தட்டிக் கூப்பிட்டது.

"அண்ணாச்சி, நீங்க ஒரு தரம் சொல்லுங்களேன். உங்களை லட்சம் வீட்ல பாக்காவ."

"எந்த ஆறு?"

"எங்க ஆறு."

"சேதம் எத்தனை பேரு?"

"இன்னும் ஒண்ணும் ஆவல."

"ஆன பிறகு வா" என்றது பெரிய சேனல்.

மூன்று பத்துக்குத்தான் தண்ணிச் சேதி திரைக்கு வந்தது. வந்ததும் என்ன, நிற்கவா விடுகிறார்கள்? பின்னால் இருப்பது தள்ள, ஓட்டமாய் ஓடியது. பாலத்து முனை டீக்கடையில் சங்கிலி அண்ணாச்சி டீயை ஆற்றிவிட்டு நிமிர்ந்தபோது, கடை டிவியில் சேதியின் வால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"யாருவே கரையேறணும்னு போட்டிருக்கான்?"

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். "மூணு பொட்டப்புள்ள பெத்திருக்கேன். என்னையத்தான் சொல்லியிருப்பான்."

தண்ணிச் சேதி திரையின் ஓரத்தில் விழுந்து, மறுபடியும் வாலில் போய் ஒட்டியது. இனி அரைமணி. அதற்கப்புறம் நாலு மணிக்கு இருபது நிமிஷம்தான் மிச்சம்.

ஆனால் சங்கிலி அண்ணாச்சிக்கு ஒரு குணம். எதையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். சுவரில் எழுதியிருந்த நம்பரை அழுத்தினார்.

"கோமு, இப்ப ஒண்ணு ஓடுச்சே, என்னத்தம்மா அது?"

"அணை திறக்காவளாம் அண்ணாச்சி. நாலு மணிக்கு."

அந்தப் பக்கம் டீ ஆற்றும் சத்தம் நின்றது. பிறகு, "கோமு, திட்டுல சொரிமுத்து கிடக்கான். பச்சப்புள்ளயோட" என்றார். டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. போன் அணைந்துவிட்டது.

கோமு சோற்றுக் கையோடு எழுந்தாள். பாட்டை நிறுத்தினாள். ஓடின வரிசையை நிறுத்தினாள். தண்ணிச் சேதியைத் தூக்கி, பெரிய எழுத்தில் திரைக்கு நடுவே நிறுத்தினாள்.

"பாவாடை தாவணி சொல்ல விடலையே, என் முறையில்லா?" என்றது தள்ளுபடி.

"சும்மா கிடவே. வேட்டி கட்டுததுக்கு மொதல்ல இடுப்பு வேணும்லா?" என்றது துக்கச் சேதி.

தண்ணிச் சேதிக்கு நின்று பழக்கமில்லை. நின்ற இடத்திலேயே ஆடியது. போன் மாற்றி மாற்றி அடித்தது. ஊற்றுத் தண்ணிக்குப் போன மதினி வீடு வந்துவிட்டாள் என்றாள் ஒருத்தி. மாட்டைக் கரையேற்றிவிட்டேன் என்றார் ஒருத்தர். திட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மணி நாலு ஆனது. நாலரை ஆனது. டீக்கடைக்குக் கோமு நாலைந்து தரம் அடித்துப் பார்த்தாள். எடுப்பார் இல்லை. அவள் எச்சில் கை காய்ந்தே போயிற்று. தண்ணிச் சேதியின் வேளை முடிந்துவிட்டது. ஆனாலும் அது இறங்கவில்லை, அவளும் இறக்கவில்லை.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. கோமு "ம்... ம்..." என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். வைத்துவிட்டு, உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள்.

வாலில் புதுசாக ஒரு சேதி வந்து நின்றது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"எங்கேருந்து வாறீரு?" என்றது தண்ணிச் சேதி.

"மணல் திட்டுலேருந்து."

துக்கச் சேதி நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டது.

"நான் உங்க கூட்டம் இல்ல பெரியவரே" என்றது ஈரச் சேதி. "பதினாலு வாத்து தண்ணியோட போயிட்டுது. கண்டவங்க சொரிமுத்துகிட்ட சொல்லணுமாம். டீக்கடையிலதான் இருக்காரு. சம்சாரம், புள்ள எல்லாரும்."

அப்புறந்தான் தண்ணிச் சேதி திரையை விட்டு இறங்கியது.