பஸ் வந்த நாடகம்

கோணக்குளத்து ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களால் ஊருலகத்துக்கு வந்த தொல்லையெல்லாம் அந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அந்த ஊர்த் தவசிக்கு ஒரே மகள், அல்லி. மதுரையில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறாள். அவள் நடித்துத் தவசி பார்த்ததே இல்லை. போகாமல் இல்லை, இரண்டு தடவை போயிருக்கிறார். முதல் தடவை நோட்டீசில் 'குடும்பத்துடன் வருக' என்றிருந்தது. வாசல்வரை போனவர் குடும்பத்தைக் கூட்டிவர ஊருக்குத் திரும்பிவிட்டார். இரண்டாம் தடவை குடும்பத்தோடு போனார். அன்றைக்கு 'திரளாக வாரீர்' என்று போட்டிருந்தது. ஏழு பேர் திரள் ஆகுமா, ஆகாதா என்று வாசலில் பேசி முடிப்பதற்குள் உள்ளே நாடகம் முடிந்துவிட்டது.

இந்தத் தடவை அல்லி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. யாரு கையைக் காலைப் பிடிச்சாவது டிக்கெட் வாங்கி, முன்னாடி உக்காந்து, நான் நடிக்கிறதை முழுசாப் பாருங்க. இதையும் விட்டீங்கன்னா இனிமே எந்த நாடகத்துக்கும் உங்களைக் கூப்பிடவே மாட்டேன்."

தவசி தனியாகப் போகத் துணியவில்லை. ஊர்க்காரர்களான மூக்கையாவையும் சங்கிலியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மூக்கையா எழுத்துக்கூட்டிப் படிப்பார். சங்கிலிக்குப் படிப்பு கிடையாது, அதனால் சீக்கிரம் முடிவெடுப்பார்.

பழைய அரிசி மில் ஒன்றில் நாடக விழா. கிடங்குக்கு ஒரு நாடகம். அல்லியின் கிடங்கு வாசலில் மேசை போட்டு, கண்ணாடி போட்ட ஒருவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூக்கையா மற்ற இருவரையும் ஓரமாக இழுத்தார். "அண்ணே, கை ஒருத்தருது, கால் ஒருத்தருதுன்னா பாப்பா சொல்லிச்சு?"

"பிரிச்சுச் சொல்லலையே," என்றார் தவசி.

"அப்ப ரெண்டும் ஒரே ஆளுதுதான்," என்று சங்கிலி தீர்ப்புச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தார்.

மேலே தவசி கையைப் பிடித்தார். கீழே சங்கிலி காலைப் பிடித்தார்.

"ஐயோ, விடுங்க! டிக்கெட் சும்மாதாங்க தர்றோம்!" என்று கண்ணாடிக்காரர் அலறினார்.

"சும்மா வேண்டாம் தம்பி," என்றார் தவசி பிடியைத் தளர்த்தாமல். "பிடிச்சுத்தான் வாங்கணும்னு எம் மக சொல்லியிருக்கு."

கொடுத்துவிட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்ததும் மைக்கில் அறிவிப்பு வந்தது. "அனைவரும் கைபேசியை அணைத்து வைத்துக்கொள்ளவும்." மூவரும் போனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். உடனே மூக்கையாவின் நெஞ்சில் மணி அடித்தது. அவர் மனைவி.

விழாவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "சார், அணைங்க சார்!"

"அணைச்சுத்தாம்மா வெச்சிருக்கேன்."

"எங்க அணைச்சீங்க? சத்தம் வருதுல்ல!"

மூக்கையா கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினார். நிற்கவில்லை. இந்தப் பக்கம் தவசியும் அந்தப் பக்கம் சங்கிலியுமாக அவரைச் சேர்த்து அணைத்தார்கள். மணி ஓய்ந்தது.

"கைப்பிள்ளை மாதிரிதான்," என்றார் சங்கிலி. "அணைச்சா அடங்கிருது."

மறுபடி மைக். "இது ஒரே ஒருவர் நடிக்கும் நாடகம்." விளக்கு எரிந்தது. மேடையில் ஒரு பஸ் ஸ்டாப் கம்பம். அதன் அடியில் ஒரு கிழவி. நரைத்த தலை, கூன், கையில் துணிப்பை.

"நாப்பது வருசமா நிக்கிறேன்," என்றாள் கிழவி கரகரத்த குரலில். "பஸ் வருமா?"

தவசிக்குக் கவலை பிடித்தது. "அல்லியைக் காணோமே?"

"எப்படிண்ணே வரும்?" என்றார் மூக்கையா. "ஒருத்தர்தான் நடிக்கணும்னுட்டாங்க. இந்தம்மா எடத்தைக் காலி பண்ணாத்தான பாப்பா மேடையேற முடியும்?"

"இந்தம்மாவுக்குப் பஸ் வந்தாத்தான காலி பண்ணும்?" என்றார் சங்கிலி.

அரை மணி நேரம் பார்த்தார்கள். பஸ் வரவில்லை. கிழவி அழுதாள், பாடினாள், பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். கிளம்புகிற வழியைக் காணோம். இப்படியே போனால் மகள் நடிக்காமலே நாடகம் முடிந்துவிடும்.

"நீங்க எந்திரிக்காதீங்கண்ணே, முழுசாப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு மற்ற இருவரும் வெளியே ஓடினார்கள்.

மில் வாசலிலேயே டவுன் பஸ் நிற்கும். மூக்கையா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து வண்டியை மறித்துக்கொண்டார். சங்கிலி கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நாப்பது வருசமாவா?" கண்டக்டர் இளகிய மனசுக்காரர். விசிலும் பையுமாகக் கிடங்குக்குள் வந்து மேடையோரம் நின்றார். "ஏறும்மா! எந்த வண்டியும் நிறுத்தலையாமே? நான் ஏத்திக்கிறேன், வா!"

கிடங்கே கைதட்டியது. கிழவிக்கு வசனம் நின்றுபோயிற்று. முன்வரிசையில் தவசி, போ போ என்று இரண்டு கையாலும் விரட்டிக்கொண்டிருந்தார். கிழவி ஒரு கணம் நெற்றியில் கைவைத்தாள். பிறகு, மேடையேறியவர்கள் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதால், பையை எடுத்துக்கொண்டு கண்டக்டர் பின்னால் நடந்தாள். அவள் பின்னால் அறுபது பேர் எழுந்து நடந்தார்கள்.

"என்ன மாதிரி முடிவு!" என்று தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தார். மூக்கையாவும் சங்கிலியும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது.

தவசி மட்டும் எழுந்திருக்கவில்லை. மேடை காலியாகிவிட்டதல்லவா? நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்தாள் கிழவி.

"என்ன தாயி," என்றார் தவசி ஆற்றமாட்டாமல். "வந்த பஸ்ஸையும் விட்டுட்டியா?"

"அப்பா!" அவள் நரைமுடியைக் கழற்றி வீசினாள். கூனை நிமிர்த்தினாள். "நாந்தாம்ப்பா அல்லி!"

தவசி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நடிக்காத தாயி," என்றார். "எம் மக வந்து நடிக்கட்டும். நீ சத்தம் போடாம உக்காரு."

அல்லியும் கோணக்குளத்துப் பெண்தானே, சொன்ன சொல்லைத் தட்டுவாளா? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலி மேடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கம் சாய்ந்து, "எப்பப்பா வருவா?" என்றாள்.