மேனேஜர் அறைக்கு மட்டும் விலக்கு

ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நெட் ஆமையாக ஊர்ந்தது. பழி போட ஆள் கிடைத்தால் மேனேஜர் சௌந்தரபாண்டி விடுவாரா? தினக்கூலிக்கு ஒயர் இழுக்கும் ஈஸ்வரியைக் கூப்பிட்டார்.

"கண்காணிப்புப் பெட்டி வந்திருக்கு, ரேக்கில் மாட்டு. சாயங்காலம் முதலாளியம்மா வரும்போது நெட்டைத் தின்கிறவன் யாருன்னு அது சொல்லணும். சொல்லலேன்னா நாளைக்கு நீ வராதே. என் அறை ஒயரை மட்டும் அதில் சேர்க்காதே. என்னை வேவு பார்க்க ஒரு பெட்டியா?"

"அதை எழுதிக் கொடுத்திருங்க சார். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

வீறாப்பாக ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஈஸ்வரி பெட்டியை ரேக்கில் ஏற்றித் திருகுகளை முடுக்கினாள். நாற்பத்தோரு ஒயரில் நாற்பதைச் சேர்த்தாள்.

சாயங்காலம் முதலாளியம்மா திரையைப் பார்த்தார். நாற்பது பேரும் சேர்ந்து நூறில் பத்துப் பங்குகூடத் தின்னவில்லை. நெட்டோ இன்னும் ஊர்ந்தது.

"பார்த்தீங்களாம்மா? இவளுக்குப் பெட்டி மாட்டவே தெரியலே!" என்று குதித்தார் மேனேஜர்.

"பெட்டி சரியாத்தான் சொல்லுது சார். நாற்பது பேர் மேல தப்பில்லையாம். மிச்சம் ஒரே ஒயர்தான்" என்று சீட்டை நீட்டினாள் ஈஸ்வரி.

முதலாளியம்மா நேரே மேனேஜர் அறைக்குள் போனார். கணினியில் நெட் வழியே எட்டுக் கேமராவின் நேரடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிலும் மேனேஜர் கட்டும் புது வீடு! கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவரைப் பார்த்தது போதும். இனி மில்லைப் பாருங்க" என்ற அம்மா, ஈஸ்வரி பக்கம் திரும்பினார். "நாளைக்கு வருவியா?"

"தினக்கூலியாவா, நிரந்தரமாவாம்மா?"

அம்மா சிரித்துக்கொண்டே மேனேஜரின் சீட்டை வாங்கினார். அதன் பின்பக்கத்திலேயே வேலை உத்தரவை எழுதிக் கொடுத்தார்.