மணி அடித்த பக்கம்

டம்ளரின் விளிம்பில் கரண்டி பட்டதுபோல ஒரு சத்தம். ஒரே ஒரு தரம். சென்னியப்பன் அதைக் கடைசியாகக் கேட்டு ஒன்பது வருடமாகிறது. இன்றைக்கும் ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர் காபி கலக்கினால் திரும்பிப் பார்க்கிறார்.

அது அவர் முதன்முதலாகச் செய்த இணையப் பக்கத்தின் மணி. செய்தியை எழுதி ‘அனுப்பு’ என்பதை அழுத்தினால் மணி அடிக்கும். பச்சைக் குறி வரும். ‘உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ என்று எழுத்து வரும்.

அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது. வேலை பார்த்த சர்க்கரை ஆலை மூடியிருந்தது. ஈரோட்டில் இணையதளம் செய்துகொடுக்கும் நிலோஃபரிடம் தொழில் கற்க வந்தார். அவளுக்கு இருபத்தெட்டு. அவர் ‘மேடம்’ என்பார். அவள் ‘அண்ணா’ என்பாள்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. இணையத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் தளங்களை எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். வீடியோ பாடங்கள், பயிற்சித் தளங்கள், சந்தேகம் கேட்கிற மன்றங்கள்.

“இந்த வாரம் நோட்டு எத்தனை குட்டி போட்டுச்சுங்கண்ணா?” என்று நிலோஃபர் கேட்பாள்.

“அஞ்சுங்க மேடம். இதுல எது நல்லதுன்னு நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்க.”

அவள் சொன்னதில்லை. ஒரே ஒரு வேலை கொடுத்தாள். அடிபட்டு வீட்டை விட்டு வரும் பெண்களுக்கான ஒரு இல்லத்துக்குப் பக்கம் செய்யச் சொன்னாள். போனில் பேச முடியாதவர்கள் எழுதி உதவி கேட்க அதில் ஒரு படிவம் வேண்டும். சென்னியப்பன் ஒரு வீடியோ பாடத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் உள்ளவர் அடித்ததை அப்படியே அடித்து, இரண்டே நாளில் முடித்தார்.

மூன்று வாரம் போயிற்று. இல்லத்தின் வார்டன் பிலோமினா இரண்டு தரம் போன் செய்து, “யாருமே எழுதலையாப்பா?” என்று கேட்டார்.

“இப்பத்தானுங்கம்மா போட்டிருக்கு. போகப் போக வரும்.”

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் நோட்டோடு வந்தார்.

“அறுபத்து நாலு ஆச்சுங்க மேடம். இன்னைக்காவது சொல்லுங்க, எது நல்லது?”

“உட்காருங்க சார்.”

அவள் ‘சார்’ என்று சொன்னது அதுதான் முதல் தரம். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வேறு தேசத்திலிருந்து ஒருவர் எழுதிய கடிதம். வீடியோவில் பாடம் நடத்தியவரேதான். ‘எனக்குத் தெரியாத மொழியில் செய்திகள் வருகின்றன. பக்கத்தின் அடியில் உங்கள் பெயர் இருக்கிறது. உங்களுடையவையா?’

கீழே ஒன்பது செய்திகள். எல்லாம் தமிழ். அதில் நான்கில் ஒரே போன் எண்.

“அந்த நாலையும் வாய்விட்டுப் படிங்க.”

சென்னியப்பன் படித்தார்.

“‘நான் பெருந்துறைப் பக்கம். காலைல பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் போன் என் கையில இருக்கும். பதில் எழுதுங்க.’”

“அடுத்தது.”

“‘அனுப்பியாச்சுன்னு வந்துச்சு. மணி அடிச்சுது. காத்துட்டிருக்கேன்.’”

“ம்.”

“‘பதில் வரலீங்க. நான் எதாச்சும் தப்பா எழுதிட்டேனா?’”

நான்காவதை அவரால் உரக்கப் படிக்க முடியவில்லை. நிலோஃபர் விடவில்லை.

“‘இடது கை முடியலை. இனிமே எழுத மாட்டேன்.’”

அவர் எழுந்துவிட்டார். “அந்தாளு சொல்லியிருக்க வேண்டாமா மேடம்? ஊருக்கே பாடம் நடத்தறவன், இது என் அட்ரஸ்னு ஒரு வார்த்தை...”

அவள் வீடியோவை இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஓடவிட்டாள். பாடம் நடத்துபவர் சொல்லிக்கொண்டிருந்தார்: ‘இது என் மின்னஞ்சல் முகவரி. பாடத்துக்காகப் போட்டிருக்கிறேன். உங்களுடையதை மாற்றிப் போடுங்கள். போட்ட பிறகு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள்.’

“எந்த வேகத்துல பாத்தீங்க சார்?”

“ரெண்டு மடங்குலங்க.”

“ஏன்?”

“இன்னும் நெறைய பாடம் பாக்க வேண்டியிருந்துச்சுங்க.”

கோபத்துக்கு வேறு இடம் தேடினார். “நீங்களும்தானே மேடம் சோதிச்சீங்க? நீங்க பாத்திருக்கலாமில்ல?”

“பாத்தேன். நானும் அனுப்பினேன். மணி அடிச்சுது. சரின்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன்.” அவள் திரையை மேலே நகர்த்தினாள். “இந்த ஒன்பதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு பாருங்க. ‘டெஸ்ட்’னு. அது நான் அனுப்பினது. அதையும் அந்த மனுசன் திருப்பி அனுப்பியிருக்காரு.”

சென்னியப்பன் உட்கார்ந்தார். படிவத்தில் இல்லத்தின் முகவரியை மாற்றிப் போட்டார். மணியைப் பக்கத்திலிருந்து நீக்கப் போனார்.

“அதை எடுக்காதீங்க. முதல்ல அனுப்புங்க.”

அனுப்பினார். மணி அடித்தது.

“இப்ப பஸ் ஏறிப் போங்க. ஒன்பது செய்தியையும் பிரிண்ட் எடுத்து வார்டன் கையில கொடுங்க. யார் கேட்டாலும் ‘நான்தான் செஞ்சேன்’னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க இப்ப அனுப்பினது அவங்க போன்ல வந்திருக்கான்னு உங்க கண்ணால பாத்துட்டு வாங்க.”

பிலோமினா திட்டவில்லை. ஒன்பதையும் வரிசையாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “யாரும் எழுதலைன்னா யாருக்கும் அடி இல்லைன்னு நெனச்சு நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்ப்பா, இங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு” என்றார்.

சாயங்காலம் சென்னியப்பன் திரும்பினார்.

“வந்துச்சா?”

“வந்துச்சுங்க. அவங்க போன்ல பாத்தேன்.”

“சரி. இப்ப அந்த மணியை எடுத்துடுங்க.”

எடுத்தார். பையிலிருந்து நோட்டை வெளியே வைத்தார்.

“இனி எதுல படிக்கறதுங்க மேடம்?”

“எழுதிக்குங்க. அறுபத்தஞ்சு.”

அவர் பேனாவைத் திறந்தார்.

“வார்டனம்மா மேசை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை.”

மறுநாள் பதினொரு மணிக்குப் பிலோமினா அந்தப் பெருந்துறை எண்ணை அழைத்தார். எண் உபயோகத்தில் இல்லை.

அதற்குள் அந்தப் பெண் யாருடைய உதவியும் இல்லாமல் தானே வீட்டை விட்டு வெளியேறியிருந்தாள். இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். இடது முழங்கை முழுதாக மடங்காது.