மந்திரக்காரியின் இடது கை

பதில் சொல்ல அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், நார்வே நாட்டின் வடகடலோரத்தில் இங்கா என்றொருத்தி இருந்தாள். மீன் பிடிக்கப் போன அவள் கணவன் கெத்தில் நாற்பது நாளாகியும் திரும்பவில்லை. மூழ்கியவர்களை வலையில் வாரிக்கொள்ளும் ரான் என்ற கடல்தேவதையின் வீட்டுக்குப் போய்விட்டானா, உயிரோடு எங்காவது ஒதுங்கியிருக்கிறானா? செத்தான் என்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம். அதற்கும் வழியில்லாமல் தவித்தாள்.

ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லும் கிரிமாவை அழைத்துவந்தார்கள். அவள் வித்தைக்கு ஒரு முறை உண்டு. உயரமான மேடையில் ஏறி, இரும்புக் கோலை இரண்டு கையாலும் பற்றி உட்காருவாள். பெண்கள் சுற்றி நின்று பாடுவார்கள். பாட்டோடு அவள் உயிர் உடலை விட்டுக் கிளம்பும். பாட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பும்.

“நடுவுல யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா, வாசல்ல எது காத்துக்கிட்டு நிக்குதோ அது என் உடம்புக்குள்ளே வந்துடும். அப்புறம் நிறுத்தினவளே மிச்சத்தைப் பாடி முடிச்சாத்தான் அது போகும்” என்றாள் கிரிமா.

“நீங்க முழுசாத் திரும்பி வருவீங்கம்மா. நான் பொறுப்பு” என்று இங்கா கோலைத் தொட்டு வாக்குக் கொடுத்தாள்.

நண்பகல்தான். ஆனாலும் வீட்டுக்குள் மூச்சு புகையாக வரும் குளிர். இங்காவும் மாமியார் தோராவும் பாடத் தொடங்கினார்கள். கிரிமாவின் தலை சாய்ந்தது. சற்று நேரத்தில் அவள் வாயிலிருந்து மட்டும் புகை வரவில்லை. உதடு நீலம் பூத்து, ஓரத்தில் தண்ணீர் ஒழுகியது. பிறகு அந்த வாய் கெத்திலின் குரலில் பேசியது.

“அம்மா, குளிருது. பாட்டை நிறுத்து. உள்ளே வரணும்.”

இங்கா அழுதுகொண்டே பாடினாள். தோரா பெற்றவள்; அவள் பாட்டு நின்றுவிட்டது.

கிரிமா இருமிக்கொண்டு கண் விழித்தாள். “அவனை ரானோட வாசல்லதான் பார்த்தேன்” என்றாள். கோலைக் கீழே வைக்கப் போனாள். வலது கை வைத்தது. இடது கை அவள் சொல் கேட்கவில்லை. தானாகவே நீண்டு, தோராவின் கண்ணீரைக் கட்டைவிரலின் பின்புறத்தால் துடைத்தது. கெத்தில் அப்படித்தான் துடைப்பான்.

மூன்று நாள் ஆயிற்று. கை ஐஸ் கட்டியாகச் சில்லிட்டிருந்தது, எப்போதும் ஈரம். நூலைக் கண்டால் வலை முடிச்சுப் போடப் பார்த்தது.

“இது என் கை. ரெண்டு கையும் கோலைப் பிடிக்காம எனக்குத் தொழிலே இல்லை. மிச்சத்தைப் பாடு” என்றாள் கிரிமா.

“என் புள்ளையை நானே துரத்தணுமா? நீ இங்கேயே இரு. சாகிற வரைக்கும் உன்னை உட்கார வெச்சுக் காப்பாத்துறேன்” என்றாள் தோரா.

 வாக்குக் கொடுத்தவள் இங்கா. ஆனால் யாரும் பார்க்காதபோது அவளும் அந்தக் கையைப் பிடித்தாள். அது அவள் விரல்களை அடையாளம் கண்டு அழுத்தியது. விட மனம் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். தாயா, மனைவியா, மந்திரக்காரியா? அந்தக் கை யாருக்குச் சேர வேண்டும்?

பதில்: கை கிரிமாவுடையதுதான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த நியாயத்தை எத்தனை முறை சொல்லியும் தோரா பாடவில்லை. கடைசியில் இங்காதான் முதலில் தன் பிடியை விட்டாள். “அத்தை, கை மட்டுந்தானே உள்ளே வந்திருக்கு? மத்த உடம்பெல்லாம் எங்கே நிக்குது? நாம பிடிச்சு வெச்சிருக்கிறதால அவர் இங்கேயும் வர முடியாம அங்கேயும் போய் உட்கார முடியாம, வாசல்லயே நடுங்கிக்கிட்டு நிக்கிறார்” என்றாள்.  தோரா அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள். குரல் பலமுறை உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தபோது கை மெல்லச் சூடாகியது. அந்தச் சூடு கன்னத்தில் பட்டதும் தோரா கதறிவிட்டாள்.