கூகை வாங்கிப்போன இரவல் குரல்

அந்தக் காலத்தில், ஆடும் கோழியும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், இரவல் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லும் பழக்கம் அந்த மலையடிவாரத்தில் யாருக்கும் கிடையாது. முறம், உலக்கை, அடுப்புக்கு நெருப்பு எல்லாம் சாதாரணம். கேட்டால் காதையே கழற்றிக் கொடுப்பார்கள். நரிக்கு ஒருத்தர் கொடுத்தாராம், அதுவும் மறுநாளே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். ஆனால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் வந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். நல்ல மரியாதைதான், போங்கள்! அந்த மரியாதை பாவாத்தாளை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

பாவாத்தாளுக்குப் புருஷன் இல்லை. வஞ்சி என்று ஒரே மகள். அவள் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறினால், பொழுது சாய ஆத்தாளின் குரல் கேட்டுத்தான் இறங்குவாள். எங்கே இருந்தாலும் "வந்துட்டேன் ஆத்தா" என்று பதில் வந்துவிடும்.

அன்றைக்கும் பாவாத்தாள் வாசலுக்கு வந்து, "வஞ்சீ..." என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் "வஞ்சீ..." என்றாள். அதற்கும் இல்லை. அடுத்ததற்கு மூச்சை இழுத்துப் பெயரை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்த நேரம், வேலிமேல் கூகை வந்து உட்கார்ந்தது. அப்போதெல்லாம் கூகைக்குக் கிசுகிசுக்கத் தெரியுமே தவிர, உரக்கக் கூப்பிட வராது.

"அக்கா, உன் குரலை இரவல் கொடு. என் குஞ்சைக் கூப்பிடணும். அது கூடு வந்து சேர்ந்ததும் கொண்டுவந்து கொடுத்துடறேன்."

அதன் இறகெல்லாம் ஈரம், ஆற்றுச் சேற்று வாடை வேறு. குஞ்சு எங்கே போனது என்ற கேள்வி பாவாத்தாளுக்கு வாய்வரை வந்தது. பிள்ளையைத் தேடுகிறவளிடம் என்ன கேள்வி என்று அதை விழுங்கிக்கொண்டாள். கூடவே, கூப்பிட வைத்திருந்த அந்த மூன்றாவது கூப்பாடும் உள்ளே போய்விட்டது.

"எடுத்துக்கோ" என்றாள். தொண்டை சில்லிட்டுப் போனது.

கூகையின் குஞ்சு முந்தின நாள் வெள்ளத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அது கூகைக்கும் தெரியும். தெரிந்தாலும் பெற்ற மனசு கேட்கிறதா? ஆற்றோரத்து மருத மரத்தில் உட்கார்ந்து அது வாயைத் திறந்தது. ஆனால் இரவல் குரலுக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான். "வஞ்சீ..." என்று வந்தது. "வஞ்சீ..." என்று மறுபடியும் வந்தது.

"வந்துட்டேன் ஆத்தா" என்று ஒரு பிள்ளை பதில் கொடுத்தது. கூகை திகைத்துப் போனது. பிறகு, வருகிற பிள்ளை வரட்டும் என்று மறுபடியும் இரண்டு இரண்டு தரமாகக் கூப்பிட்டது; மூன்றாவது அந்த இரவல் குரலில் இல்லை.

ஆடுகள் மட்டும் தனியாக வீடு வந்தன. பாவாத்தாள் வேலிவரை வந்து பார்த்தாள். ஆற்றுப் பக்கமிருந்து அவள் குரலே, அவள் கொஞ்சும் அதே இழுப்போடு, அவள் மகளைக் கூப்பிட்டது. விழுந்தடித்து ஓடினாள். இருட்டிக்கொண்டு வந்தது. வஞ்சி இடுப்பளவு தண்ணீரில், மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். பாவாத்தாள் வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. கையைத் தட்டினாள், வெள்ளத்தின் இரைச்சலில் அது எங்கே கேட்கிறது! தண்ணீர் பிள்ளையின் மார்புக்கு ஏறியது.

அப்போதுதான் அவள் தொண்டைக்குள் ஏதோ முட்டியது. வெளியே வராமல் தங்கிப்போன கூப்பாடு.

"வஞ்சீ!"

வஞ்சி திரும்பிப் பார்த்தாள். முன்னாலும் ஆத்தா, பின்னாலும் ஆத்தா. ஒரு கணம் திணறியவள், கரையில் நின்ற முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தாள். பாவாத்தாள் அவளை வாரி அணைத்து அழுதாள். அந்த அழுகைக்குச் சத்தமே இல்லை.

மிச்சமிருந்த அந்த ஒரு கூப்பாடும் தீர்ந்துவிட்டதே. குஞ்சு கூடு சேராததால் கூகை குரலைத் திருப்பித் தரவுமில்லை. போய்க் கேட்க ஆத்தாளுக்கு வாயுமில்லை. ஊமையாகிப்போன ஆத்தாளின் மடியில் சாய்ந்துகொண்டு, பொழுது சாயும்போதெல்லாம் ஆற்றுப் பக்கமிருந்து வரும் ஆத்தாளின் குரலை ஆசையாகக் கேட்பாள் வஞ்சி. கேட்பாளே தவிர, வாயை இறுக்கிப் பொத்திக்கொள்வாள்.

அன்று முதல்தான், இருட்டிய பின் வெளியிலிருந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், பெற்ற தாயின் குரலாகவே இருந்தாலும், மூன்றாம் தரம் கூப்பிடும்வரை நாம் பதில் கொடுப்பதில்லை. கூகை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு இன்றைக்கும் காத்துக்கொண்டிருக்கிறது.