முன் கோபுரத்தை வரைந்தவர்

முதலில் எங்கள் ஆலையின் தொழிற்சங்கத்தைக் கலைத்தார்கள். அடுத்து மதிய இடைவேளையைப் பாதியாக்கினார்கள். மூன்றாவதாக, தலைமைப் பொறியாளர் ஃபால்கென்ராத் எல்லா வரைபடங்களிலும் வரைந்தவர்களின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டார். நான்காவதாகப் பொருத்துநர் லூட்கரின் கழுத்துக்கே வந்தார்கள்.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி டாங்கி செய்யக்கூடாது என்று தடை இருந்த காலம். 'டிராக்டர்' என்று பொய்ப்பெயர் வைத்து, சுழலும் மூன்று பீரங்கிக் கோபுரங்கள் கொண்ட டாங்கியைச் செய்தோம். சோதனை நாளில் ராணுவக் கர்னலும் அதிகாரிகளும் பார்த்துக்கொண்டிருக்க, முன் கோபுரம் திரும்பி, ஓட்டுநர் வெளியேறும் மூடியை அடைத்துக்கொண்டது. அவரை மீட்க அரைமணி ஆயிற்று.

"சதி. பொருத்தியவன் இவன்தான்," என்றார் ஃபால்கென்ராத். காவலர்கள் லூட்கரை நெருங்கினார்கள். சதிகாரன் என்று கொண்டுபோனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

லூட்கர் சொன்னார்: "வரைபடத்தில் உள்ளபடிதான் பொருத்தினேன், ஐயா."

"வரைபடத்தில் நூலிழைத் தவறும் கிடையாது. இருந்தால் வரைந்தவனைக் கொண்டுபோங்கள்."

லூட்கர் வரைபடத்தையும் அளவுகோலையும் கர்னலிடம் நீட்டினார். "நீங்களே அளந்து பாருங்கள் ஐயா. தொழிலாளி அளந்து சொன்னால் யார் நம்புவார்கள்?"

கர்னல் அளந்தார். கோபுரம் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அதிகாரிகள் அனைவருக்கும் கேட்கும்படி வரைபடத்தின் அடிவரியை வாசித்தார்: "வரைந்தவர், எக்பெர்ட் ஃபால்கென்ராத்."