எந்த ஐம்பத்தேழு?

"மேடம், இந்த நட்சத்திரத்தை ஒழிக்க ஒரு வழி சொல்லுங்க. பார்க்கப் பார்க்கப் பத்திக்கிட்டு வருது."

கேட்டவர் மாசிலாமணி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கணினியில் புத்தகம் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள செலினிடம் சேர்ந்தவர். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது.

"எந்த நட்சத்திரம் சார்?"

பக்கத்தின் அடியைக் காட்டினார். 'பதிப்பு 57' என்று இருந்தது. எண்ணை ஒட்டி ஒரு பொடி நட்சத்திரம்.

செய்த திருத்தத்தைக் காரணம் எழுதிக் கணினியில் பதிந்தால், எண் ஒன்று கூடும். அந்த எண் எல்லாப் பக்கங்களின் அடியிலும் தானாக வந்து உட்காரும். அதுவரை அவருக்குத் தெரியும். நட்சத்திரம்தான் பிடிபடவில்லை.

"முகத்துல பரு மாதிரி இருக்கு மேடம்."

"பரு எதனால வந்துதுன்னு பார்த்தீங்களா?"

"பருன்னா கிள்ளி எறிய வேண்டியதுதானே?"

செலின் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

அது அணைக் கையேடு. தண்ணீர் எத்தனை அடி ஏறினால் எத்தனை மதகு திறக்க வேண்டும் என்று சொல்வது. அணைக்குக் கீழே மூன்று ஊர். மூன்றாவது ஊரில் மாசிலாமணியின் மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். அதனாலேயே இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

மறுநாள் காலை, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நானே வழி கண்டுபிடிச்சு நட்சத்திரத்தை மறைச்சுட்டேன் மேடம்! இப்ப பாருங்க, பக்கம் பளிச்சுன்னு இருக்கு. புதுசா அச்சடிச்சதையும் பழசோட அலமாரியில வச்சேன். அங்க இருந்து கையேட்டுக் கட்டு ஒண்ணை எடுத்து, அணைக்குப் போற ஜீப்புல ஏத்தியாச்சு. டிரைவர் டீ குடிச்சுட்டுக் கிளம்பிருவார்."

செலின் எழுந்தாள். அலமாரியில் மிச்சம் இரண்டு கட்டுகள் இருந்தன. இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எதை அனுப்பலாம்?"

"எதை வேணா அனுப்பலாம். ரெண்டும் அம்பத்தேழுதான்."

"படிங்க."

இதென்ன சோதனை என்று முனகிக்கொண்டே இரண்டையும் அருகருகே விரித்தார். வரிக்கு வரி விரல் ஓடியது. பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது.

ஒன்றில், முப்பத்தெட்டு அடியில் மதகைத் திறக்கவும்.

மற்றொன்றில், முப்பத்தாறு.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் முதல் கட்டுகளை அச்சடித்த பிறகு அணை இன்ஜினியர் போனில் சொன்ன திருத்தம். சொன்ன உடனே மாற்றினார். பதிய மறந்தார். பதியாத திருத்தம் ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் அன்றைக்கு நட்சத்திரம் முளைத்தது.

"எது சரி சார்?"

"முப்பத்தாறு."

"அது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அவர் பக்கத்தின் அடியைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண், பளிச்சென்று.

"யாருக்கும் தெரியாது," என்றார்.

"ஜீப்புல ஏத்தினது எது?"

"அம்பத்தேழு."

"எந்த அம்பத்தேழு?"

கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாசிலாமணி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.